ஜவ்வு

கம்பத்தில் ஏறும்போது கிழிந்திருந்தால்
மின்வாரியத்தில் ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.
கடற்கரைத் திடலில் பந்தடிக்க எழும்பும்போது என்றால்
பெரியபட்டினம் பத்து நாள் பேசியிருக்கும்.
என் இடது முட்டி கிழிந்தது
ராமநாதபுரம் பஸ்சிலிருந்து இறங்குகையில்,
கையில் ஒரு கிலோ கத்திரிக்காயோடு.

டக் என்றது.
பக்கத்தில் நின்றவர்
தன் செருப்பு அறுந்ததோ என்று குனிந்து பார்த்தார்.

மதுரையில் இரண்டு துளை போட்டு
கேமராவை உள்ளே விட்டார்கள்.
பிய்ந்ததைச் சீவி மிச்சத்தைத் தைத்த டாக்டர்
பிறகு திரையில் காட்டினார்.
கணவாய்ச் சதைபோல வெள்ளையாய்,
ஓரம் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது
நான்.
நாற்பத்து மூன்று வயசுக்கு நல்லா உழைச்ச முட்டி என்றார்.
பாராட்டா கண்டிப்பா, தெரியவில்லை.

அப்புறம் ஆறு வாரம்.
ஜவ்வு மாதிரி இழுக்குது என்று
சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

உச்சிப்புளியிலிருந்து வியாழன்தோறும் பிரிஸ்கா வருவார்.
துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து
"அமுக்குங்க, பத்து எண்ணுங்க" என்பார்.
தொடை கேட்கவில்லை.
நான் இங்கிருந்து உத்தரவு போட
டிரான்ஸ்பார்மர் வெடித்த தெருவாய்
அது இருண்டு கிடந்தது.
ஒன்பதாம் நாள் ஒரு துடிப்பு,
குறைந்த மின்னழுத்தத்தில் பல்பு சிவந்து அணைவதுபோல.
"அசைஞ்சுச்சு! நான் பாத்தேன்!"
அடுப்படியிலிருந்து மெகர்பானு கத்தினாள்.
மகள் அவள் வயிற்றில் இருந்தபோது
இப்படிக் கத்தியது நான்.

இருபது நிமிஷம் ஐஸ் வைக்க வேண்டும்.
ஃபிரிட்ஜில் கட்டி சேர்வதற்குள் கரண்ட் போய்விடும்,
லைன்மேன் வீட்டில்தான் முதலில் போகும்.
சகுபர்தான் ஐஸ் கம்பெனியிலிருந்து அள்ளி வந்தான்,
நேற்றெல்லாம் நகரை மீனோடு படுத்துக்கிடந்த ஐஸ்.
எந்த வீட்டுப் பூனையோ
என் முட்டியை விட்டு நகர மறுத்தது.

பள்ளிவாசலில் எனக்குக் கடைசி வரிசை, நாற்காலி.
அங்கே சலாமுக்கு அடுத்த வார்த்தை
"எந்தக் கால்?"
"இடது."
"எனக்கு ரெண்டும்."
எல்லோரும் சஜ்தாவில் விழ
நான் பாதி மட்டும் குனிந்திருக்கும்போது
கண்ணில் பட்டன உள்ளங்கால்கள்.
வெடித்தவை, சுண்ணாம்பு ஒட்டியவை,
வலை இழுத்து உப்பில் ஊறியவை.
ஒரே நொடியில் சத்தமில்லாமல்
அத்தனை முட்டிகள் மடங்கியிருந்தன.
இத்தனை வருஷம் முன்வரிசையில் நின்றவனுக்கு
இது தெரியாமல் போயிற்று.

பத்தாம் வாரம் கடலில் இறங்கச் சொன்னார் பிரிஸ்கா.
சோளகம் ஓய்ந்த காலை, இடுப்பளவுத் தண்ணீர்.
"இங்க உங்க எடையில பாதிதான் முட்டிக்கு."
மீதிப் பாதியை யார் சுமப்பது என்று பார்த்தேன்.
பாசி, கலங்கல், பலூனாய் ஊதிக்கொண்ட என் கைலி.
முன்னே நடந்தேன், பின்னே நடந்தேன், நண்டுபோலப் பக்கவாட்டில்.
கரையில் பையன்கள்
செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது விடியலில் ஈர மணலில் நடை,
காய்ந்த மணல் கூடாது.
கம்பத்துக்கு அனுப்புவதில்லை.
மீட்டர் எடுக்கிறேன், ஒன்பது தெரு.
சைக்கிள் சீட்டை இரண்டு விரல் உயர்த்தியாயிற்று.
மழைக்கு முன்னால் முட்டி சொல்லிவிடும் என்றார்கள்.
இதுவரை மூன்று முறை சொன்னது,
மூன்றும் பொய்.

போன வெள்ளி திடலுக்குப் போனேன்.
குதிப்பதில்லை என்று
மெகர்பானு சத்தியம் வாங்கித்தான் விட்டாள்.
பின்வரிசை மூலையில் நிறுத்தினார்கள்.
மீசை முளைக்காத ஒருவன் எதிரே எழும்பி அறைந்த பந்து
என் முன்னங்கைகளில் சுரீரென்று விழுந்தது.
தூக்கிக் கொடுத்தேன்,
பூப்போல.
சகுபர் அதை வலையில் அடித்தான்.

வாய் நிறையத் திட்டினேன்.
திட்டிக்கொண்டே அவனை நோக்கி
நாலு அடி ஓடியும்விட்டேன்.
ஓடியபிறகுதான் உறைத்தது.
நின்றேன்.
முட்டி என்ன சொல்லுமோ என்று காத்திருந்தேன்.

"சர்வ் யாருது?"
என்றான் வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன்.